எல்லை மாறிச் சேர்ந்த வரி



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் சிறுதொழில் நடத்துவோர் சிலர், ஒரு மாநிலத்திற்கு உரியதல்லாத வரியைத் தவறி அங்குச் செலுத்திவிட்டால் அது திரும்புமா என்று என்னைக் கேட்பதுண்டு. திரும்பும், ஆனால் அதற்கு ஒரு முறையுண்டு.

கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி. பேசுவது அதே தமிழ். ஆயினும் 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் சரக்கு மற்றும் சேவை வரிக்கு அது வேறு ஆட்சிப்பகுதி. வரிப் பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் நமக்கு 33, அவர்களுக்கு 34. வாங்குபவரிடம் நேரே அனுப்பும் சரக்கு தமிழ்நாட்டுக்குள் சென்று முடிந்தால், மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. எல்லை கடந்தால் ஒருங்கிணைந்த வரி.

புதுச்சேரி வணிகருக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குப் பீங்கான் சரக்கு அனுப்பியதாகவும், வரி 18 சதவீதம் என்றும் கொள்வோம். பட்டியல் எழுதியவர் மறதியாக 9,000, 9,000 என இரு கூறாக வரி செலுத்திவிட்டார். தொகையில் பிழையில்லை, சேர்ந்த கணக்கில்தான் பிழை. வாங்கியவர் தமிழ்நாட்டு மாநில வரியைத் தம் வரவில் எடுத்துக்கொள்ள இயலாது. புதுச்சேரிக்கு உரிய பங்கும் அதனிடம் சேரவில்லை. ஆகவே, "எப்படியும் அரசாங்கத்துக்குத்தானே போயிற்று" என்று வாளாவிருத்தல் ஆகாது.

செய்யவேண்டுவது யாது? முதலில் ஒருங்கிணைந்த வரி 18,000 ரூபாயை முறைப்படி செலுத்தவேண்டும். அதற்கு வட்டி கிடையாது என்று சட்டமே சலுகை தருகிறது. பின்னர், முன்பு தவறாகச் செலுத்திய தொகையைத் திரும்பக் கோரி, இணையத்தளத்தில் ஆர்.எஃப்.டி.-01 என்னும் படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும். சரியான வரியைச் செலுத்திய நாளிலிருந்து இரண்டாண்டுகள் கெடு என்பதை 2021 செப்டம்பரில் சேர்த்த விதி தெளிவாக்கியது. வரவுச் சீட்டு எழுதி அந்த வரியை முன்னரே சரிக்கட்டியவர் மீண்டும் கோர இயலாது.

பெரிய நிறுவனத்திற்கு 18,000 ரூபாய் சிறு தொகை. ஆனால், சூளையை நம்பிப் பிழைப்பவருக்கோ, அது அடுத்த சுற்றின் களிமண்ணும் கூலியும் ஆகும். பணம் திரும்பும்வரை ஒரே சரக்குக்கு இருமுறை வரி கட்டியவராகவே அவர் இருக்கவேண்டும். ஆதலால், பட்டியலில் கையெழுத்திடுமுன் சரக்கு எங்கே சென்று சேருகிறதென்று ஒருமுறை பாருங்கள். அந்த அரை நிமிடம், பிறகு ஆகும் அலைச்சலைக் காட்டிலும் மலிவு.