தங்கவயலின் வாக்குரிமை

கருநாடக மாநிலத்தில் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊர் ஆண்டர்சன்பேட்டை. அங்குத் தெருவில் மிகுதியாகக் கேட்பது தமிழ். அரசு அலுவலகங்களில் வழங்குவது கன்னடம். அத்தகைய ஊரில், ‘சட்டமன்றத்தில் எமக்காகப் பேசுபவர் யார்?’ என்னும் வினா எழுவது இயல்பே.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் திரளாக வந்தனர். அவர்களுள் பலர் நிலமற்றவர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர். 1930ஆம் ஆண்டு, தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிருவாகம் ஆணையிட்டது. தம்மைக் குற்றவாளிகளாக எண்ணுவதா என்று வெகுண்ட தொழிலாளர், ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர்.

அடுத்த தலைமுறைக்கு வாக்குச்சீட்டு கிடைத்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தங்கவயல் மக்கள் மைசூர்ச் சட்டமன்றத்திற்கு இருவரை அனுப்பினர். ஒருவர் பொதுவுடைமைக் கட்சியின் கே. எஸ். வாசன், மற்றவர் அம்பேத்கர் நிறுவிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பி. எம். சாமிதுரை. சுரங்கத்தில் உழைத்தோர் எவற்றை முதன்மையாகக் கருதினர் என்பதை இத்தேர்வே காட்டுகிறது: ஒன்று கூலி, மற்றொன்று மானம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நீடித்தது. ஆகவே அங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அவ்வாண்டே அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ என்னும் உறுப்பு, சிறுபான்மை மொழிக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. (உறுப்பு இருப்பதும் பள்ளி இருப்பதும் ஒன்றல்ல என்பது வேறு.)

நம் நாட்டில் குடியுரிமை ஒன்றே. தமிழ்நாட்டுக் குடியுரிமை, கருநாடகக் குடியுரிமை என்ற பிரிவு இல்லை. ஒருவர் எங்கு வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கே வாக்காளர் ஆகிறார். தாய்மொழி எது என்று தேர்தல் சட்டம் கேட்பதில்லை. அதனாலேயே 1999ஆம் ஆண்டு தங்கவயல் மக்கள், தமிழ்நாட்டில் தோன்றிய அ.இ.அ.தி.மு.க.வின் வேட்பாளரைக் கருநாடகச் சட்டமன்றத்திற்கு அனுப்ப முடிந்தது. 2004ஆம் ஆண்டு இந்தியக் குடியரசுக் கட்சி வென்றது. பின்னர்ப் பாரதிய ஜனதாவும் காங்கிரசும் வென்றன.

இடையில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் மொழியைவிட வேலையே பெரிய கேள்வி ஆயிற்று. பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று உழைத்துத் திரும்புகின்றனர். சிலர் அங்கேயே குடியேறுகின்றனர். ஒருவர் இரு தொகுதிகளில் வாக்காளராக இருத்தல் இயலாது. எனவே அவர்கள் புதிய முகவரியில் பெயரைப் பதியும்போது, தங்கவயலின் பட்டியலில் அப்பெயர்கள் நீக்கப்படுகின்றன.