நகரத்தின் கணக்கேடு யார் கையில்?

கிராமக் கர்ணத்தின் செல்வாக்கு எதில் இருந்தது என்பதைப் பழைய தலைமுறையினர் நன்கறிவர். அவருக்குச் சம்பளம் சொற்பம். போலீஸ் அதிகாரம் அவருக்கில்லை. நியாய விசாரணையும் அவரிடம் இல்லை. ஆயினும் மேலதிகாரி ஜமாபந்திக்கு வந்தாலும் சரி, குடியானவன் பட்டா மாற்ற வந்தாலும் சரி, கர்ணம் கணக்கைப் பிரித்துக் காட்டினால்தான் காரியம் நடக்கும். அந்தக் கணக்கு பல ஊர்களில் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. பரம்பரையாக வந்த அவ்வுத்தியோகத்தை 1980-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் ஒழித்தனர். கணக்கு ஊருக்குச் சொந்தமேயன்றி எழுதுகிறவருக்குச் சொந்தமன்று என்னும் தர்மம் அன்று கிராமத்தில் நிலைபெற்றது. இன்று அதே கேள்வி நகரத்தின் வாசலில் வந்து நிற்கிறது.

2015-ஆம் வருஷம் ஜூன் 25-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஸ்மார்ட் நகரங்கள் இயக்கத்தைத் தொடங்கினர். நூறு நகரங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் மட்டும் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வேலூர், திருநெல்வேலி, திருப்பூர், தூத்துக்குடி, ஈரோடு எனப் பதினொரு நகரங்கள் அதில் சேர்ந்தன. மத்திய சர்க்கார் ஒதுக்கியது 48,000 கோடி ரூபாய். ராஜ்யங்களும் நகர சபைகளும் அதற்குச் சமமான தொகை போடவேண்டுமென்பது ஏற்பாடு. 2025 மார்ச் 31-ஆம் தேதியுடன் இயக்கம் முடிவுற்றது. சாலைகளும் பூங்காக்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றைப்பற்றி ஜனங்கள் புகழ்ந்தும் இகழ்ந்தும் பேசுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கட்டப்பட்டது. அதைப்பற்றிப் பேசுவார் மிகச் சிலரே.

நூறு நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டளை, கட்டுப்பாட்டு மையங்கள் ஏற்பட்டுள்ளன. தெருமுனைக் காமிரா, மழைமானி, குப்பை வண்டியின் இருப்பிடம், தெருவிளக்கு, நகரவாசியின் புகார் ஆகிய யாவும் அங்கே வந்து சேரும்படி செய்யப்படுகிறது. சுவரில் தெரியும் பெருந்திரையையே விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். உண்மையான காரியம் திரைக்குப் பின்னால் நடக்கிறது. வந்து விழும் செய்திகளை வரிசைப்படுத்தி, எழுதி, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது தரவுத்தளம் என்னும் மென்பொருள். அதைக் குடிவைக்கும் வாடகை வீடு கிளவுட். தரவுத்தளத்தை விற்பவர்கள் ஆரக்கிள், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். போன்ற கம்பெனிகள். கிளவுட் வாடகையில் உலகச் சந்தையின் முதல் மூன்று இடங்களும் அமேஸான், மைக்ரோசாப்ட், கூகிள் கையில் இருக்கின்றன. நகரத்தின் புதிய கர்ணங்கள் இவர்களே.

இவர்களை வேண்டாமென்று தள்ளுவது நமது நோக்கமன்று. சாதாரண நாளில் நூறு புகார் வரும் நகரத்தில் பெருமழை நாளில் பல்லாயிரம் வரும். அந்த ஒரு நாளுக்காகப் பெரும் யந்திரசாலையொன்றை வருஷம் முழுவதும் வைத்துக் காப்பது நகர சபைக்குக் கட்டாது. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருக்கிக்கொள்ளும் வசதி கிளவுடில் உண்டு. 2020-ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்க் காலத்தில் இம்மையங்கள் பல நகரங்களில் ஆஸ்பத்திரிப் படுக்கைகளையும் ஆம்புலன்ஸ்களையும் கண்காணிக்கப் பயன்பட்டன. நல்ல வேலைக்காரன் அவசியம்தான். வேலைக்காரன் எப்பொழுது எஜமானன் ஆகிறான் என்பதே கேள்வி.

அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது பாஷை. ஒவ்வொரு கம்பெனியும் பொதுவான தரவுத்தள மொழியோடு தனக்கே உரிய கிளைமொழி ஒன்றையும் வைத்திருக்கிறது. நகர சபையின் வரி விதிகளை அக்கிளைமொழியில் எழுதிவிட்டால், வேறு கம்பெனிக்குப் போகும்போது யாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவது சுங்கம். கிளவுடில் தரவை உள்ளே கொண்டுபோகப் பெரும்பாலும் கட்டணமில்லை. வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு. மூன்றாவது ஞானம். ஐந்து வருஷம் கம்பெனி ஆட்களே மையத்தை நடத்தினால், ஆறாவது வருஷம் அதை நடத்தத் தெரிந்தவர் நகர சபையில் ஒருவரும் இரார். அப்பொழுது ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதன்றி வேறு வழி இராது. பேரம் பேசும் சக்தியற்றவன் கையெழுத்து மட்டும் போடுவான்.

சீமையிலுள்ள பர்மிங்ஹாம் நகரத்தின் கதை இதற்கோர் எச்சரிக்கை. 1870-களில் ஜோசப் சேம்பர்லேன் மேயராயிருந்தபோது, அந்நகர சபை தனியார் கம்பெனிகளிடமிருந்து காஸ் விளக்கையும் குடிநீரையும் விலைக்கு வாங்கித் தானே நடத்தி உலகத்துக்கு வழிகாட்டியது. அதே சபை 2022 ஏப்ரலில் தனது பழைய கணக்கு முறையை விட்டு ஆரக்கிள் கம்பெனியின் கிளவுட் முறைக்கு மாறியது. முதலில் போட்ட மதிப்பு சுமார் 1.9 கோடி பவுன். அடுத்த வருஷமே அது 10 கோடி பவுன் வரை ஏறலாமென்று சபை ஒப்புக்கொண்டது. பாங்கியில் வந்த பணத்தையும் ஏட்டிலுள்ள பணத்தையும் ஒத்துப் பார்க்கக்கூட முடியாமல் சபை தவித்தது. 2023 செப்டம்பர் 5-ஆம் தேதி, அத்தியாவசியச் செலவு தவிர வேறு புதுச் செலவு செய்ய முடியாதென்று சட்டப்படி அறிக்கை விடுத்தது. சம ஊதிய வழக்குகளால் வந்த பெருங்கடனே அந்த நிலைக்கு முக்கிய காரணம். கணக்கு முறையின் குழப்பமும் சேர்ந்து கொண்டது. தவறு முழுவதும் விற்றவர்மேல் என்று சொல்வது நியாயமாகாது. வாங்கியதைத் தன் பழைய வழக்கத்துக்கேற்ப வெட்டி ஒட்டப்போய்ச் சபையே சிக்கலை வளர்த்தது. காஸையும் தண்ணீரையும் தன்வசமாக்கிய நகரம் தன் கணக்கேட்டின்மேல் பிடியை இழந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டிய விஷயம்.

ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா வேறு பாதையில் சென்றது. அந்நகரமும் பெருங்கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நகரமே. 2015-ல் அடா கொலாவ் மேயரான பிறகு, நகரத்தின் தரவு நகரவாசிகளின் பொதுச்சொத்து என்னும் ஷரத்து ஒப்பந்தங்களில் சேர்க்கப்பட்டது. தந்திச் சேவை நடத்தும் வோடபோன் கம்பெனி மாதந்தோறும் தன்னிடம் சேரும் தரவை யந்திரம் படிக்கும் வடிவில் நகர சபைக்கு ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தெருக்களிலுள்ள உணர்கருவிகளின் செய்திகளைச் சேர்க்க ஸென்டிலோ என்ற மென்பொருளை நகரமே உருவாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. கம்பெனிகள் ஓடிப்போய்விடவில்லை. ஷரத்து எழுதினால் ஒருவரும் டெண்டர் போட வரமாட்டார் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இதுவே பதில்.

நமது நிலை என்ன? 1993-ல் அமுலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர சபைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே ஸ்தானம் அளித்தது. ஆனால் ஸ்மார்ட் நகர வேலைகளை நடத்தியவை நகர சபைகள் அல்ல. ராஜ்ய சர்க்காரும் நகர சபையும் சரிபாதிப் பங்கு கொண்ட தனிக் கம்பெனி ஒன்று ஒவ்வொரு நகரத்திலும் பதிவு செய்யப்பட்டது. தமிழ்நாட்டிலோ அதற்குமேல் ஒரு விபரீதம் நேர்ந்தது. 2016 அக்டோபரில் நகர சபைகளின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரையில் தேர்தலே நடக்கவில்லை. இயக்கத்தின் ஒப்பந்தங்கள் போடப்பட்ட முக்கிய வருஷங்களில், ஷரத்துக்களை வாசித்துக் கேள்வி கேட்க ஜனங்களால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்ஸிலர்கூட இல்லை. எஜமானன் ஊரில் இல்லாதபோது எழுதப்பட்ட சாசனங்கள் அவை. அவற்றைத் திருப்பிப் பார்க்கும் உரிமையும் கடமையும் இன்றைய கவுன்ஸில்களுக்கு உண்டு.

தரவு இந்தியாவிலேயே வைக்கப்பட்டிருக்கிறதே, பயமென்ன என்று சிலர் கேட்கலாம். இடம் மட்டும் போதாது. 2018-ல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டத்தின்படி, அந்நாட்டு நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குட்பட்ட கம்பெனி தன் வசமுள்ள தரவை, அது எந்தத் தேசத்தில் இருந்தாலும், முறைப்படி உத்தரவு வந்தால் ஒப்படைக்க வேண்டும். பெட்டி நம் ஊரில் இருந்தாலும் சாவி வெளியூரில் இருக்கக்கூடும். ஆகையால் தரவைப் பூட்டும் சங்கேதச் சாவி நகர சபையின் கையிலேயே இருக்கவேண்டும். அதற்கான முறைகள் இன்று இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும்.

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஐந்து ஷரத்துக்கள் இருக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். தரவின் முழுப் பாத்தியதை நகர சபைக்கே. கேட்ட மாத்திரத்தில் முழுத் தரவையும் பொதுவான வடிவில் கட்டணமின்றித் திருப்பித்தர வேண்டும். சங்கேதச் சாவி சபையிடம் இருக்கவேண்டும். சபையின் சொந்தச் சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளிக்கவேண்டும். ஒப்பந்தம் பகிரங்கமாகப் பிரசுரமாக வேண்டும். இவை நடவாத காரியங்களல்ல. 2025 செப்டம்பர் 12 முதல் அமுலிலுள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டம், வாடிக்கைக்காரர் ஒரு கிளவுடிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் உரிமையை நிலைநாட்டியிருக்கிறது. 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்குக் கட்டணமே வசூலிக்கலாகாது என்றும் விதிக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்த தரவுத்தளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. 1986-ல் பெர்க்லி சர்வகலாசாலையில் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்த அதனைப் பெருங்கம்பெனிகளே இன்று தங்கள் கிளவுடில் வாடகைக்கு விடுகின்றன. நம் நாட்டிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் துணையுடன் நகரத் தரவுப் பரிமாற்றத்துக்கான திறந்த ஏற்பாடு ஒன்று உருவாகியிருக்கிறது.

வியாபார ரகசியம் என்று சொல்லி ஒப்பந்தத்தை மறைப்பது வழக்கமான தந்திரம். 2005-ஆம் வருஷத்துத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் அவ்வித விலக்கு உண்டென்பது மெய்யே. பொதுநலம் மேலோங்கி நின்றால் அவ்விலக்கு செல்லாதென்றும் அதே பிரிவு சொல்கிறது. நகரத்துக் குடும்பங்கள் வரி கட்டும் விவரமும், அவர்கள் நடமாடும் தெருவின் படமும் யார் வசம் இருக்கின்றன என்பதைவிடப் பொதுநலம் வேறெது?

இயக்கம் முடிந்துவிட்டது, வருஷாந்தக் கட்டணமும் பராமரிப்பும் முடியவில்லை. பழைய ஒப்பந்தங்கள் காலாவதியாகிப் புதுப்பிக்க வரும் தருணமே சபைக்குப் பேரம் பேசும் சக்தியுள்ள தருணம். அது கைநழுவினால் இன்னொரு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஊர்ப்பணி செய்யும் நண்பர்கள் தத்தம் வார்டுக் கவுன்ஸிலரிடம் சென்று, நமது நகரத்தின் ஒப்பந்தத்தை நீர் வாசித்ததுண்டா என்று கேட்கட்டும். வாசிக்கவில்லையென்றால் ஒரு பிரதி வாங்கி அவர் கையில் கொடுக்கட்டும். சாலை பழுதானால் அடுத்த வருஷம் செப்பனிடலாம். கணக்கேட்டைப் பறிகொடுத்த நகரம் தன்னை ஆளும் உரிமையையே பறிகொடுத்ததாகும்.