குச்சிகளால் ஒரு கவசம்... நிக் கேவின் சலசலக்கும் சிற்பங்கள்!

1991-ல் ரோட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் அடித்துத் துவைத்த வீடியோ அமெரிக்காவையே உலுக்கியது. சிகாகோவில் கலை ஆசிரியராக இருந்த நிக் கேவையும்தான். அவரும் கறுப்பினத்தவர். (அதே பேர்ல ஆஸ்திரேலியப் பாடகர் ஒருத்தர் இருக்கார், இவர் வேற!)

பூங்காவில் உட்கார்ந்திருந்தவர் கண்ணில் தரையில் கிடந்த சுள்ளிகள் பட்டன. யாரும் சீந்தாத பொருள். பொறுக்கி வந்து, நறுக்கி, ஓட்டை போட்டு, கம்பியால் கோத்தார். சிற்பம்னு நினைச்சுதான் செய்தார். உள்ளே நுழைந்து அசைந்தால்... சலசலவென சத்தம்! அப்படி வந்த பெயர்தான் 'சவுண்ட்சூட்'.

பிறகு பட்டன், பொம்மை, முடி, பழைய ஸ்வெட்டர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து 500-க்கும் மேல் செய்துவிட்டார். ஆப்பிரிக்க முகமூடிச் சடங்குகளின் சாயல் அவற்றில் இருக்கும். போட்டுக்கொண்டால் உங்கள் நிறம், பாலினம், வசதி எதுவுமே வெளியே தெரியாது. 'அப்போ ஒளிஞ்சுக்கிட்டாதான் பாதுகாப்பா?'னு உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஆளை மறைக்கிற இந்த உடை அவரைச் சத்தமில்லாமல் நடக்க விடாதே!

2013-ல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில், ரஃபியா நாரில் செய்த 30 குதிரைகளை ஆடவிட்டார். ஒவ்வொன்றுக்குள்ளும் 2 டான்ஸர்கள். ரயிலுக்கு வந்த கூட்டம் அப்படியே நின்று பார்த்தது.