கண் மங்கும்வரை காத்திருக்காதீர்கள்

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் பக்கமாக மரக்காணம் போகும் சாலை, உப்பளங்களைத் தொட்டுக் கடற்கரைக்கு வந்து சேர்கிறது. அந்தக் கரையில் உள்ள எக்கியார்குப்பம் என்ற மீனவ ஊரின் பெயரை 2023 மே மாதம் தமிழ்நாடே கேட்டது. மெத்தனால் கலந்த சாராயத்தால் அங்கும் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். இந்தச் சாவுகளில் விஷத்துக்குத் துணை போவது தாமதம். “நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும் அந்த நேரம்தான் ஆபத்தானது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

மெத்தனால் பெயின்ட், வார்னிஷ் போன்ற தொழில்களுக்கான ரசாயனம். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் மாதிரியே இருக்கும். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. மரத்து முசுறு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான் இது.

நம் செல் ஒவ்வொன்றும் கடலில் நிற்கும் படகு மாதிரி. உள்ளே கசிந்துகொண்டே இருக்கும் சோடியத்தை இரவும் பகலும் வெளியே இறைக்கும் புரதப் பம்புகள் அதன் சுவரில் உண்டு. அவை ஓடுவதற்கான சக்தியைப் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கிறது. ஃபார்மிக் அமிலம் அங்கே கை வைக்கிறது. சக்தி குறைந்தால் இறைப்பு நிற்கும். சோடியம் தங்கும், அதன் பின்னாலேயே தண்ணீர் புகும், செல் உப்பும். சுவர் கிழிந்ததும் உள்ளே இருக்கவேண்டிய புரதங்கள் வெளியே கொட்டும். செல்லுக்குள் இருக்கவேண்டிய நொதிகள் ரத்தத்தில் கூடியிருப்பதை வைத்தே டாக்டர்கள் உள்சேதத்தை மதிப்பிடுகிறார்கள்.

ஆயுள் முடிந்த செல் சாவது வேறு விதம். அது சுருங்கி, அக்கம்பக்கத்தைக் கெடுக்காமல் அடங்கிப்போகும். விஷத்தில் சாகும் செல் வீங்கி உடைந்து, சுற்றியுள்ள திசுவையும் புண்ணாக்கும். பார்வை நரம்புக்குச் சக்தித் தேவை அதிகம். அது செல்லும் வழியோ குறுகல். அதனால் கண்ணுக்கு அடி முதலிலேயே விழுகிறது. 10 மில்லி மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

கையில் இருக்கும் நேரம்

குடித்த 12 முதல் 24 மணி நேரம் வரை போதையைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்குப் பிறகு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, கண்முன் வெண்பனி படர்ந்த மாதிரி மங்கல். அமிலம் சேர்வதற்கு முன்பே போனால் மருத்துவம் நன்றாக வேலை செய்யும். மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் அல்லது அளவிட்ட எத்தனால் கொடுப்பார்கள். சேர்ந்த அமிலத்தை முறிக்கச் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். விஷத்தை ரத்தத்திலிருந்து அகற்ற டயாலிசிஸ் செய்வார்கள்.

• ஒரே இடத்தில் வாங்கிக் குடித்தவர்களில் ஒருவருக்குக் கண் மங்கினாலும், மற்ற எல்லோரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்.
• ஆஸ்பத்திரியில் எத்தனால் கொடுக்கிறார்களே என்று வீட்டில் கடைச் சரக்கை ஊற்றிக் கொடுக்காதீர்கள்.
• மோர், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எதுவும் மெத்தனாலை முறிக்காது.
• கொளுத்திப் பார்த்து நல்ல சரக்கு என்று முடிவு செய்யாதீர்கள். மெத்தனாலும் எரியும்.
• என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மிச்சம் இருந்தால் எடுத்துப் போங்கள்.

உங்கள் உரிமை

“போலீஸ் கேஸ், இங்கே பார்க்கமாட்டோம்” என்று எந்த ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, திருப்பி அனுப்பக்கூடாது. முதலில் உயிரைக் காப்பதே டாக்டரின் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரச் சிகிச்சையை அரசு ஆஸ்பத்திரி மறுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இல் இன்னொரு வழக்கிலும் சொன்னது.

விற்றவர்மீது புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். 2024-இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, விற்ற சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு. வழக்கு நடத்த வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

எக்கியார்குப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சமும், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50,000 ரூபாயும் அரசு அறிவித்தது. இப்படி அறிவிக்கும் நிவாரணத்துக்கும் வழக்குக்கும் சீட்டுதான் சாட்சி. ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். பார்வை இழந்தவர்கள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழ் பெற்றால், அதன் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

குடித்தவரை அப்புறம் கோபித்துக்கொள்ளலாம். அக்கம்பக்கம் என்ன சொல்லும், போலீஸ் என்ன கேட்கும் என்பதையும் அப்புறம் பார்க்கலாம். படகில் தண்ணீர் ஏறுவது தெரிந்தால் நம் மீனவர்கள் முதலில் இறைக்கத்தான் கை வைப்பார்கள். கண் தெளிவாக இருக்கும்போதே அவரை வண்டியில் ஏற்றுங்கள்.