மயிலாப்பூர்த் துறைமுகம்

மயிலாப்பூர்த் துறைமுகம் என்பது இன்றைய சென்னை மாநகரில், மயிலாப்பூர் - சாந்தோம் கடற்கரையில் முற்காலத்தில் இயங்கிய வணிகத் துறை ஆகும். தொடர்ச்சியாக அல்லாவிடினும், கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான பல்வேறு சான்றுகளில் இது குறிப்பிடப்படுகிறது. தற்போது இவ்விடத்தில் துறைமுகம் எதுவும் இல்லை. சென்னைக்கு வரும் சுற்றுலாக் கப்பல்கள் சில கி.மீ. வடக்கே உள்ள சென்னைத் துறைமுகத்தில் நிற்கின்றன. அவற்றில் வரும் வெளிநாட்டுப் பயணிகள் பேருந்தில் ஏறிக் கபாலீசுவரர் கோயிலையும் சாந்தோம் தேவாலயத்தையும் காண வருகின்றனர். அவர்கள் காணும் இவ்விரண்டும் ஒரு பழைய துறைமுக நகரத்தைச் சேர்ந்தவை என்பதை உணர்த்தக்கூடிய படகுத்துறையோ பண்டகசாலையோ கோட்டைச் சுவரோ அங்கு இல்லை.

பெயர்

இவ்வூர் பழைய தமிழ் நூல்களில் மயிலை எனவும், கல்வெட்டுகளில் மயிலார்ப்பு எனவும் வழங்கப்பட்டுள்ளது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த புவியியலாளர் தாலமி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் இக்கடற்கரையின் வணிகத் துறைகளுள் ஒன்றாக மலியார்பா என்னும் இடத்தைக் குறிப்பிடுகிறார். படிக்குப் படி இப்பெயரின் எழுத்துகள் மாறுபடுகின்றன. இது மயிலார்ப்பு என்பதன் கிரேக்க வடிவமே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒலி ஒற்றுமை வலுவானது. எனினும் இதனை உறுதிப்படுத்தும் அகழாய்வுச் சான்று, புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்ததைப் போல, மயிலாப்பூரில் கிடைக்கவில்லை. பிற்கால ஐரோப்பியர் இதனை மிராபோலிசு, மல்புரியா, மெலியாப்போர் என்றெல்லாம் எழுதினர்.

துறை இயங்கிய முறை

துறைமுகம் என்றவுடன் இன்று நினைவுக்கு வருவது அலைத்தடுப்புச் சுவரும் பாரந்தூக்கிகளும் ஆகும். சோழமண்டலக் கடற்கரையின் பழைய துறைகள் பலவற்றில் இவை எவையும் இல்லை. மத்தியதரைக் கடலின் கரைகள் பல இடங்களில் பாறைகளாலும் குடாக்களாலும் ஆனவை. கப்பல் ஒதுங்க இயற்கையே இடம் தருகிறது. சென்னைக் கரையோ நேர்க்கோடு போன்ற மணற்கரை. எனவே கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில், திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் சிறு படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர்.

இதற்குப் பயன்பட்டது மசூலாப் படகு ஆகும். இதன் பலகைகள் ஆணி கொண்டு அறையப்படாமல் கயிற்றினால் தைக்கப்பட்டன. ஆணி அடித்த படகு அலை மோதித் தரையில் இடிக்கும்போது பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கட்டுமரமும் இதே தேவையை ஒட்டியதே. அடையாற்றின் முகத்துவாரம் தெற்கே அண்மையில் இருந்தபோதிலும், மணல் திட்டு அடைத்துக்கொள்வதால் பெரிய கப்பல்களுக்கு அது பயன்படவில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மாதங்களில் புயல் அச்சம் காரணமாகக் கப்பல்கள் இக்கரையில் நிற்பதைத் தவிர்த்தன.

துறை சரியாக எவ்விடத்தில் இருந்தது என்பதைச் சுட்டுவது கடினம். அடையாற்று முகத்துவாரத்தின் அருகே உள்ள பட்டினப்பாக்கத்தின் பெயரில், துறைமுக ஊரைக் குறிக்கும் பட்டினம் என்ற சொல் இருப்பது உண்மைதான். ஆனால் ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதுவது சரியன்று.

மத்தியதரைக் கடலுடன் தொடர்பு

உரோமானியர் காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து தமிழகத்துக்கு வந்த சரக்கு ஒரே கப்பலில் வரவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் ஆற்றின் வழியாகக் கோப்தோசு வரை படகிலும், அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து ஒட்டகங்களிலும், பின்னர் செங்கடல் துறைகளான பெரெனிகே, மையோசு ஓர்மோசு ஆகியவற்றிலிருந்து கப்பலிலும் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றைப் பயன்படுத்தி அரபிக் கடலை நேராகக் கடந்து மேற்குக் கரையின் முசிறியை அடைவது வழக்கம். பெரெனிகே அகழாய்வில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்துள்ளது. மையோசு ஓர்மோசு இருந்த குசைர் அல்-காதிம் என்னுமிடத்தில் பானை ஒறி எனத் தமிழ்ப் பிராமியில் எழுதப்பட்ட ஓடு கண்டெடுக்கப்பட்டது. ஒறி என்பது உறியைக் குறிக்கும். வீட்டு உறி ஒன்றின் பெயர் செங்கடல் கரை வரை சென்றிருக்கிறது.

கிழக்குக் கரையைப் பற்றி, கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயக் கடற்பயண நூல் கமரா, பொதுக்கே, சோபட்மா என மூன்று துறைகளைக் குறிப்பிடுகிறது. பொதுக்கே அரிக்கமேடு எனவும், சோபட்மா மரக்காணம் எனவும் பொதுவாக அடையாளம் காணப்படுகின்றன. மயிலாப்பூர் இந்நூலில் இல்லை. எனவே உரோமானிய வணிகத்தில் மயிலாப்பூர் முசிறிக்கு இணையாக விளங்கியது என்னும் கூற்றை ஏற்க இயலாது. தாலமியின் பட்டியலில் ஒரு பெயர் என்பதே அதன் அளவு.

இலக்கியமும் கல்வெட்டும்

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம், மயிலையைப் புன்னை மரங்கள் நிறைந்த கடற்கரை ஊராகக் காட்டுகிறது. மாசி மாதத்துக் கடலாட்டு விழாவும் அதில் இடம்பெறுகிறது. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் தந்தை சிவநேசர் ஒரு வணிகர் எனப் பெரியபுராணம் கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டின் நந்திக்கலம்பகத்தில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன், மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனாகப் போற்றப்படுகிறான். மல்லை என்பது மாமல்லபுரம். இரண்டு கடற்கரை ஊர்களை ஒருங்கே சொல்லி அரசனைப் புகழ்வது தற்செயலாக இராது.

துறைமுகத்தைப் பற்றிய மிகத் தெளிவான தமிழ்க் குறிப்பு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தின் வாயிலார் நாயனார் புராணத்தில் உள்ளது. கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட கரிய யானைக் கன்றுகளும், கடலில் படிந்த மேகங்களும், எருமைக் கன்றுகளும் வேறுபாடு தெரியாதபடி மயிலைக் கடற்கரையில் நிறைந்திருந்தன என அவர் வருணிக்கிறார். புலவரின் மிகைப்படுத்தல் எனக் கொண்டாலும், யானைகளைக் கப்பலில் இருந்து இறக்குவது அவர் காலத்து வாசகருக்கு நம்பத்தக்க காட்சியாகவே இருந்திருக்க வேண்டும்.

பொன்னேரி அருகே காட்டூரில் உள்ள கல்வெட்டு ஒன்று, வணிகக் குழுவினர் மயிலார்ப்பில் கூடி, காட்டூரை வீரபட்டினமாக அறிவித்ததைக் கூறுகிறது. வீரபட்டினம் என்பது வணிகக் குழுக்களின் பாதுகாப்புப் பெற்ற சந்தை ஊராகும்.

மேற்கத்தியப் பயணிகள்

இயேசுவின் சீடரான தோமா இங்கு அடக்கம் செய்யப்பட்டார் என்னும் மரபு காரணமாக, மத்தியதரைக் கடல் நாடுகளின் பயணிகள் பலர் இடைக்காலத்தில் இவ்வூரைத் தேடி வந்தனர். இத்தாலியத் துறவி மொந்தேகோர்வினோ யோவான் 1291-92 காலத்தில் சீனா செல்லும் வழியில் பதின்மூன்று மாதங்கள் இந்தியாவில் தங்கினார்; அவருடன் வந்த பிசுதோயா நிக்கோலா இங்கேயே இறந்து தோமா கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அதையொட்டிய ஆண்டுகளில் வெனிசு நகரத்தவரான மார்க்கோ போலோவும், 14ஆம் நூற்றாண்டில் ஒதோரிக்கு, மாரிஞொல்லி ஆகியோரும், 15ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ தெ கோந்தியும் இவ்விடத்தைப் பற்றி எழுதினர்.

இவர்களுள் மார்க்கோ போலோவின் குறிப்பு கவனிக்கத்தக்கது. தோமாவின் கல்லறை உள்ள ஊர் சிறியது, மக்கள் குறைவு, சரக்கு அதிகம் கிடைக்காததால் வணிகர் வருவதும் குறைவு, சென்றடைவதும் எளிதன்று என்கிறார் அவர். சேக்கிழாரின் யானைகளுக்கும் இந்தச் சிற்றூருக்கும் இடையே ஏறத்தாழ 150 ஆண்டுகளே உள்ளன. இயற்கை அரணற்ற துறை ஒன்று வணிகரின் விருப்பத்தைப் பொறுத்து எழவும் விழவும் கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

போர்த்துகீசியர் காலம்

போர்த்துகீசியர் 1517இல் இக்கல்லறையைத் தேடி வந்தனர். 1520களில் கோயிலைப் புதுப்பித்துக் குடியேறினர். சாந்தோம் என்னும் பெயர் அவர்கள் இட்டதே. கடலில் வழி தவறிய மாலுமிகளைக் கரையில் தெரிந்த ஒளி காப்பாற்றியதாகவும், அவ்விடத்தில் எழுந்ததே லசு தேவாலயம் எனவும் ஒரு மரபுக் கதை உண்டு. லசு என்பது ஒளி எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல். அங்குள்ள 1516ஆம் ஆண்டுக் கல்வெட்டின் காலம் குறித்து ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன.

சாந்தோம் வணிகர்கள் சோழமண்டலத்தின் வண்ணத் துணிகளை மலாக்காவுக்கு அனுப்பிப் பொருளீட்டினர். 1558இல் விசயநகரத்தின் இராமராயர் படையுடன் வந்து ஊரைக் கைப்பற்றிப் பெருந்தொகை பெற்றுத் திரும்பினார். 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமாயிற்று.

வீழ்ச்சி

1639இல் ஆங்கிலேயர் சில கி.மீ. வடக்கே, இதைவிட எவ்வகையிலும் மேம்பட்டதாகச் சொல்ல முடியாத மற்றொரு மணற்கரையில் சென்னைப் பட்டினத்தைத் தொடங்கினர். சாந்தோமின் வணிகரும் நெசவாளரும் படிப்படியாக அங்கு நகர்ந்தனர். 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைக் கைப்பற்றியது. 1672இல் தெ லா ஏ தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை அதனைத் தாக்கிப் பிடித்தது. தரையில் கோல்கொண்டாவும் கடலில் ஒல்லாந்தரும் முற்றுகையிட, பிரெஞ்சுக்காரர் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்து 1674 செப்டம்பரில் சரணடைந்தனர். அடுத்த ஆண்டு கோல்கொண்டா கோட்டையை இடித்தது. முற்றுகையின்போதே தெற்கே அனுப்பப்பட்ட பிரான்சுவா மார்த்தேன் என்பவர் வளர்த்தெடுத்த ஊரே புதுச்சேரி. அதாவது சாந்தோம் பிரெஞ்சுக்காரரிடம் நிலைத்திருந்தால் புதுச்சேரியின் வரலாறு வேறாக இருந்திருக்கும். 1749இல் சாந்தோம் ஆங்கிலேயர் வசமாகிச் சென்னையுடன் இணைந்தது.

பழைய கோயில் குறித்த விவாதம்

இன்றைய கபாலீசுவரர் கோயில் கட்டடம் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று. சம்பந்தர் பாடிய கோயில் கடற்கரையில் இருந்தது என்பது மரபு. சாந்தோம் தேவாலய வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகளும் கோயில் சிற்பங்களும் கிடைத்துள்ளன. பழைய கோயிலைப் போர்த்துகீசியர் இடித்தனர் என்று ஒரு சாராரும், கடல் கொண்டது என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். கரையில் முறையான அகழாய்வு விரிவாக நடைபெறாத நிலையில் இது தீர்க்கப்படவில்லை. தற்போது காணப்படும் சாந்தோம் தேவாலயம் 1890களில் கட்டப்பட்டது.

சென்னைத் துறைமுகமும் கரை மாற்றமும்

சென்னையிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மசூலாப் படகே வழி. 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் அமைக்கப்பட்டது. பின்னர் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்கள் முடிவடையும் நிலையில் 1881 நவம்பர் புயலில் உடைந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிசு இசுப்பிரிங் காலத்தில் துறைமுகத்தின் கிழக்கு வாயில் மூடப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கப்பட்டது.

இக்கரையில் ஆண்டு முழுதும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. துறைமுகச் சுவர் இவ்வோட்டத்தைத் தடுத்ததால் தெற்கே மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. ஆகவே இன்றைய கரைக்கோட்டை வைத்து தாலமி காலத்தின் துறையைத் தேடுவது பயனற்றது.

கப்பல் சுற்றுலா

மத்தியதரைக் கடலின் கப்பல் சுற்றுலாக்களில், மால்ட்டாவின் வல்லெட்டா, கிரேக்கத்தின் உரோட்சுத் தீவு போன்ற இடங்களில் கப்பல் பழைய கோட்டைச் சுவரின் அடியிலேயே நிற்கிறது. பயணி இறங்கி நடந்தால் ஊர். ஆனால் எல்லாத் துறைகளும் அவ்வாறில்லை. தாலமியின் அலெக்சாந்திரியாவில் பண்டைய அரண்மனைப் பகுதி கிழக்குத் துறையின் நீருக்குள் கிடக்கிறது. இன்றைய கப்பல்கள் நிற்பது மேற்குத் துறையில். மார்க்கோ போலோவின் வெனிசில், 2021 ஆகத்து முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சூதெக்கா கால்வாய் வழியாகச் செல்வதை இத்தாலிய அரசு தடை செய்தது. மயிலாப்பூரின் நிலை அலெக்சாந்திரியாவுக்கு அருகில் வைத்து எண்ணத்தக்கது. வேறுபாடு, அங்கு நீரின் அடியில் தேடியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் சேவையை 2022 சூன் 4 அன்று தமிழக முதல்வர் மு. க. இசுட்டாலின் தொடங்கி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரசு என்னும் இக்கப்பல் 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 48,500 டன் கொண்டது. அதே மாதம் விசாகப்பட்டினம் சென்று திரும்பும் வழியில், கப்பலில் உள்ள சூதாட்டக் கூடம் குறித்து எதிர்ப்பு எழுந்ததால் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் கரையைப் பார்த்தபடியே சென்னைக்குத் திரும்பியது.

2023 சூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசந்துறை ஆகிய துறைகளுக்குச் சென்றது. இவற்றுள் திருகோணமலை, மயிலாப்பூருக்கு வாய்க்காத இயற்கைத் துறைமுகத்தைக் கொண்டது. அங்குள்ள கோணேசர் கோயிலையும் சம்பந்தர் பாடியுள்ளார்; பழைய கோயில் 1620களில் போர்த்துகீசியரால் இடிக்கப்பட்டு அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. அங்கு கடலுக்கடியில் மூழ்காளர்கள் தேடியதில் கோயிலின் தூண்களும் சிற்பங்களும் கிடைத்துள்ளன.