டிராக்டர் எஞ்சினின் காற்றுக் கணக்கு

பழைய டீஸல் டிராக்டருக்கு டர்போசார்ஜர் பூட்ட எண்ணும் குடியானவர்கள் முதலில் காற்றுக் கணக்கைப் பார்த்தல் அவசியம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். ஆகவே 3 லிட்டர் எஞ்சின், நிமிஷத்திற்கு 2,000 சுற்றில், 3,000 லிட்டர் இழுக்கவேண்டும். நூற்றுக்கு 85 பங்கே நிரம்புவதாகக் கொண்டால் 2,550 லிட்டர், அதாவது சுமார் 3 கிலோ. அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினாலும், காற்று சூடேறி விரிவதால், எடை சுமார் 1¼ மடங்கே உயரும்; தேவை 3¾ கிலோ.

இவ்வெடையும் அழுத்தமும் சந்திக்கும் புள்ளி, தயாரிப்பாளர் தரும் வரைபடத்தின் நடுப்பாகத்தில் விழுதல் வேண்டும். உழவில் சுற்று தணியும் நிலைக்கும் தனியே கணக்கிடுக. பெரிய கருவியே சிறந்ததென்பர் விற்பனையாளர். அதுவோ கலப்பை இழுக்கும் வேளையில் போதிய காற்றைத் தள்ளாது. அந்நிலையில் டீஸலை மட்டும் கூட்டினால் கரும்புகை மிகும், பிஸ்டனும் சூட்டில் கெடும்.