நெற்றிக்கு ஏறாத கண்ணாடி

“சுவரில் டிரில் போடவும் மாடித்தோட்ட வேலைக்கும் என்று ஒரு சேஃப்டி கண்ணாடி வாங்கினேன். போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன். விலை கூடியதாக வாங்கினால் சரியாகுமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

விலையைக் கூட்டினால் மட்டும் தீராத சிக்கல் இது. கோளாறில் பாதி கண்ணாடியில் இருக்கிறது. மீதி, வியர்க்கும் முகத்தில்.

முதலில், கண்ணாடி எதற்கு? நாலு அங்குலக் கட்டிங் மெஷினின் வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அதன் விளிம்பு நொடிக்கு 58 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் தெறிக்கும் துகள் அரை மீட்டர் தள்ளியிருக்கும் கண்ணை எட்ட நூறில் ஒரு பங்கு நொடி போதும். இமை மூடுவதற்கோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். கண் சிமிட்டித் தப்பிக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

தோட்டத்தில் மெஷின் இல்லையே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சுமார் 65 சதவீதம் பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது, பெரும்பாலும் வயல்வேலையில். சோதனையில் நுண்ணுயிர் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் புண்ணில் இருந்தது பூஞ்சை. மண்ணிலும் செடியிலும் வாழும் பூஞ்சைக்கு, இலை நுனியோ குச்சியோ போட்ட சின்னக் கீறலே வாசல்.

போட்டுக்கொண்டால் மட்டும் போதுமா? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் பழைய ஆய்வு ஒன்று, வேலையிடத்தில் கண்ணில் காயம்பட்ட சுமார் ஆயிரம் பேரைப் பார்த்தது. ஐந்தில் மூன்று பேர் கண்ணாடியே போடவில்லை. போட்டும் காயம்பட்டவர்களில் 94 சதவீதம் பேருக்குத் துகளோ திரவமோ கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு அல்லது அதன் அடி வழியாக உள்ளே போயிருந்தது. ஆக, இரண்டு கேள்விகள்தான் முக்கியம்: கண்ணாடி முகத்திலேயே இருக்கிறதா? முகத்தோடு பொருந்தி உட்காருகிறதா?

முகத்தில் இருக்க விடாமல் செய்கிற முதல் எதிரி ஆவி. ஆவி படிய, கண்ணாடி சில்லென்று இருக்க வேண்டியதில்லை. முகத்தோலின் சூடு சுமார் 34 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று 37 கிராம் நீராவி வரை தாங்கும். மழை விட்ட ஐப்பசிக் காலையில் வெளிக்காற்று 28 டிகிரி என்றால், கண்ணாடியும் அதை ஒட்டிய சூட்டில்தான் இருக்கும். அங்கே காற்றால் தாங்க முடிந்தது 27 கிராம். வியர்வையில் ஊறிய காற்று கண்ணாடியில் பட்டதும், கூடுதலாக உள்ள ஈரம் துளியாகிவிடுகிறது.

இட்லிக் கொப்பரைக்குள் நடப்பதும் இதேதான். வேலை செய்யும் உடம்புதான் அடுப்பு; வியர்வைதான் அடியில் கொதிக்கும் தண்ணீர்; கண்ணாடிதான் மேல்மூடி. மூடியைத் துடைத்து வைத்தால் அடுத்த ஆவி எழும்வரைதான் அது உலர்ந்திருக்கும். மூடியில் துளை இருந்தால் ஆவி வெளியேறும். புருவத்தருகே காற்றோட்டம் விட்ட கண்ணாடி அப்படிப்பட்டது. அடுப்பைத் தணித்தாலும் ஆவி அடங்கும். நிழலில் வேலை செய்வதும் நெற்றியில் துணிப்பட்டை கட்டி வியர்வையை ஒற்றுவதும் அந்த வகை. மூடியின் அடியில் துணி கட்டினால் சொட்டைத் துணி குடித்துக்கொள்ளும். ஆவி எதிர்ப்புப் பூச்சுகள் சிலவும் அப்படித்தான் ஈரத்தை உறிஞ்சுகின்றன. துணி ஊறிவிட்டால் மறுபடி சொட்டுகிற மாதிரி, பூச்சும் நிரம்பிவிட்டால் கைவிடும்.

உறிஞ்சுவதைவிட அழகான வேலை ஒன்றும் பூச்சுக்கு உண்டு. வெறும் பிளாஸ்டிக்கில் நீர் முத்து முத்தாகக் குவிந்து நிற்கிறது. ஒவ்வொரு முத்தும் ஒளியை ஒவ்வொரு பக்கம் சிதறடிப்பதால்தான் வெள்ளையாக மறைக்கிறது. நீரை ஈர்க்கும் மூலக்கூறுகள் கொண்ட பூச்சின்மேல் அதே நீர் மெல்லிய ஏடாகப் பரவிவிடும். ஈரம் அப்படியே இருக்க, பார்வை மட்டும் தெளிகிறது! ஒரு சொட்டு சோப்பு நீரைத் தடவி உலர விட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு இதே பலன் கிடைக்கும்.

இந்தக் கண்ணாடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதை 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாக உருவாக்கினார்கள். அடி விழுந்தால் சில்லாகச் சிதறாமல் நெளிந்து தாங்கும். எளிதில் கீறல் விழும். தின்னர் பட்டால் வெடிப்பு விடும்.

அட்டைப்பெட்டி வாசகங்களை அப்படியே நம்ப வேண்டாம். நிறமற்ற பாலிகார்பனேட்டே புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ‘யூவி 400’ என்பதற்காகத் தனியே பணம் தர வேண்டியதில்லை. எந்தச் சோதனை என்று சொல்லாத ‘ராணுவத் தரம்’ வெறும் அலங்காரம். கண்ணாடியிலேயே பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். அமெரிக்கத் தரமான ‘இசட்87+’ என்றால், கால் அங்குல எஃகுக் குண்டு நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்க வேண்டும். ஐரோப்பிய ‘ஈஎன் 166’-ல் ‘எஃப்’ குறிக்கும் அதே வேகம்தான். இந்தியத் தர எண் ஐஎஸ் 5983. மேலே சொன்ன வட்டின் வேகம் 58 என்பதை மறக்க வேண்டாம்: கட்டிங் மெஷினுக்குக் கண்ணாடியின் மேல் ஃபேஸ் ஷீல்டும் தேவை.

கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். குனிந்து தலையை ஆட்டுங்கள். தோட்டவேலை முழுக்கக் குனிந்தபடிதானே. மூக்கிலிருந்து வழுக்கினால் அது ஆகாது. மிருதுவான, வளைத்துச் சரிசெய்யக்கூடிய மூக்குப்பிடி உள்ளதைத் தேடுங்கள். சிரித்துப் பாருங்கள்; கன்னம் சட்டத்தைத் தூக்கினால் வேறு அளவு கேளுங்கள். காதுக்குப் பின்னால் இப்போதே அழுத்தினால், ஒரு மணி நேரத்தில் தலைவலிதான். பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு அதன்மேலேயே போடக்கூடிய அகலமான வகை இருக்கிறது. பவர் கண்ணாடி மட்டும் பாதுகாப்பாகாது, அதன் பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்களுக்கு இந்த வகை எதுவுமே போதாது. சுண்ணாம்பில் உள்ள காரம் கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவும். முகத்தோடு ஒட்டி உட்காரும், காற்றுத்துளைகள் வளைந்து செல்லும் காகிள்ஸ்தான் அதற்கு வேண்டும். மீறித் தெறித்துவிட்டால், உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழற்றுவதிலும் கவனம் தேவை. வேலை முடிந்ததும் புருவத்திலும் சட்டத்தின் மேல்விளிம்பிலும் தூசி தங்கியிருக்கும். கண்ணை மூடி, தலை குனிந்து கழற்றினால் அது தரையில் விழும். பிறகு கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காமல் முதலில் தண்ணீரில் அலசுங்கள். ஒட்டியிருக்கும் சிமெண்ட் துகள் துடைக்கும்போது கீறல் போடும். கீறல்கள் கூடிப் பார்வை மங்கினால் புதிது வாங்கிவிடுங்கள்.